நான்கு பேரை ஒளித்துவைத்த வாடகை வீடு

செவ்வாய்க்கிழமை, பின்நேரம்.

அன்புள்ள அண்ணன் கறுப்பையாவுக்கும், அண்ணனை இத்தனை வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருக்கும் மதினிக்கும், கண்டி மேட்டிலிருந்து தங்கச்சி மூக்காயி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் ஐந்து பேரும் சுகம். ஐந்து பேர் என்பதைக் கொஞ்சம் அழுத்திப் படியுங்கள், ஏனென்று பிறகு தெரியும். உங்கள் சுகமும், உங்கள் முழங்காலின் சுகமும், மதினி வளர்க்கிற ஆட்டின் சுகமும் அறிய ஆவல்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். தைப்பொங்கலுக்கு அனுப்பிய போட்டோவில், பச்சைக் கேட்டுக்கு முன்னால், பூச்சட்டிக்குப் பக்கத்தில், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேனே, பின்னால் ஒரு ஓட்டு வீடு தெரிகிறதே, அது நம் வீடு இல்லை. அது வீட்டுக்கார யாகப்பர் ஐயாவின் வீடு. அவரும் டொரதி அக்காவும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து எடுத்தது. நாங்கள் இருப்பது அந்த வீட்டுக்கு அடியில், மேட்டைக் குடைந்து கட்டிய ஒற்றை அறையில். உற்றுப் பார்த்தால் என் இடது காலுக்குக் கீழே ஒரு தகரம் தெரியும், அதுதான் நம் கூரை. "என் தங்கச்சி டவுன்ல வீடு வாங்கிட்டா" என்று நீங்கள் அந்தப் போட்டோவைத் தேயிலைத் தோட்டத்து லயம் முழுக்கக் காட்டி, மூன்று பேரிடம் தேத்தண்ணி வாங்கிக் குடித்ததாகக் கேள்விப்பட்டேன். குடித்த தேத்தண்ணியைத் திருப்பிக் கொடுக்க முடியாது, விட்டுவிடுங்கள்.

இதைக் கடிதமாக எழுதக் காரணம் இருக்கிறது. நேற்றிலிருந்து உங்கள் போனுக்குப் பதினெட்டுத் தரம் அடித்துவிட்டேன். பதினெட்டுத் தரமும் அந்தப் பொம்பளை மூன்று பாஷையில் நீங்கள் இல்லை என்று சொல்கிறாள். கிடைத்தாலும் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டு, லயத்து வரிசையில் இருக்கிற அத்தனை காம்பரா ஆட்களையும் கேட்கவைத்துத்தான் பேசுவீர்கள். இந்த விஷயம் அப்படிக் கேட்கத்தக்கது இல்லை. நாளைக் காலையில் மடவளை ரஸீன் நானா துணி விற்கிற வேனோடு வத்தேகம வழியாக உங்கள் தோட்டத்துக்கு வருவார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். வாசித்த கையோடு நீங்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். காரியத்தை மட்டும் சொன்னால் ஏன் எதற்கு என்று அரை நாள் கேட்பீர்கள், ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். ஆனால் மதினியிடம் இப்போதே, இந்த வரியோடு எழும்பிப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்: திங்கட்கிழமை வந்த கருவாட்டுப் பொட்டலத்தைத் தொடவேண்டாம்.

சொல்லிவிட்டு வந்தீர்களா? சரி.

உங்களுக்குத் தெரியும், தோட்டத்தை விட்டு இறங்கிய இந்த ஆறு வருஷத்தில் இது எங்களுக்கு நாலாவது வீடு. முதல் வீட்டில், மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான் என்று எங்களை வீட்டை விட்டு எழுப்பினார்கள், அந்த மகன் இன்னும் வந்தபாடில்லை. இரண்டாவது வீட்டுக்காரர் எங்கள் அடையாள அட்டைகளைப் பத்திரமாக வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு, நாங்கள் பாய் தலையணையோடு ரோட்டில் நின்ற பிறகுதான் திருப்பித் தந்தார். மூன்றாவது வீட்டில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போதே பூட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். நான் பானையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன், கொண்டக்டர் பானைக்கும் டிக்கட் கேட்டான். அன்றிலிருந்து அண்ணே, யாராவது கதவைத் தட்டினால் என் கை தானாகப் பானையைத் தேடுகிறது. போன மாசம் தட்டியது தபால்காரர். அவர் முன்னால் நான் பானையோடு நின்றேன். "சோறு வேணாம்மா, கையெழுத்துப் போடுங்க" என்றார்.

அந்தத் தபால் எங்களுக்கு இல்லை, யாகப்பர் ஐயாவுக்கு. மாநகர சபையிலிருந்து வந்த கடுதாசி. ஐயா மாவட்டக் கச்சேரி ஆபீசில் கிளார்க்காக இருந்து பென்சன் எடுத்தவர், ஆனாலும் அரசாங்கக் கவர் ஒன்றைக் கண்டால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அரை மணித்தியாலம் போக்குவார். பிறகு எங்கள் மகள் சுகிர்தாவைக் கூப்பிட்டு, "நீ உயர்தரம் படிக்கிற புள்ளதானே, வாசி பார்ப்போம்" என்றார். அவள் வாசித்து எங்களுக்கு விளக்கியது இதுதான். டவுனில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் எங்களைப் போல ஆட்கள் அலைகிறார்கள் என்று சபைக்குத் தெரிந்துவிட்டதாம். சபையே வீடு கட்டப் போவதில்லை, கட்டுகிறவருக்குக் கை கொடுக்குமாம். ஐயாவைப் போலக் காணி வைத்திருக்கிறவர் தன் காணியில் குறைந்த வாடகைக்கு வீடு கட்டினால், பிளான் பாஸ் பண்ணுகிற கட்டணம் இல்லை, பத்து வருஷத்துக்கு வரிப்பணம் பாதி, சட்டத்தில் இருப்பதைவிட ஒரு மாடி கூட ஏற்றிக்கொள்ளலாம், பின்மேட்டுக்கு அணைச்சுவர் கட்ட எஞ்சினியர் மாத்தயா சும்மா வந்து பார்ப்பார். அதற்குப் பதிலாக ஐயா பத்து வருஷத்துக்குச் சபை சொல்கிற வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது, காரணமில்லாமல் யாரையும் எழுப்பக்கூடாது, இப்போது அங்கே குடியிருக்கிறவர்களுக்குத்தான் முதல் சாவி. பத்து வருஷம் யாரும் எழுப்ப முடியாது என்று அவள் வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மழைக்குப் பின்மேட்டு மண் உதிருகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வைத்து, செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டே படுக்கிறவர்கள் நாங்கள். மருமகள் சிந்துஜாவுக்கு ஏழு மாசம் நடக்கிறது. பிறக்கப் போகிற பிள்ளைக்கும் ஒரு சின்னச் செருப்பு வாங்க வேண்டியிருக்குமோ என்று நான் பகிடி விடுவேன், அவள் சிரிப்பாள், சிரித்துவிட்டு மேட்டைப் பார்ப்பாள்.

அதற்குப் பிறகும் சுகிர்தா என்னவோ வாசித்தாள். நான் கேட்கவில்லை. ஏனென்றால் நடுவில் ஒரு வரி வந்தது: "குடியிருப்போரைச் சரிபார்க்க அதிகாரி ஒருவர் நேரில் வருவார்." அந்த வரிக்கு முன்னால் கேட்டது, பின்னால் கேட்டது எல்லாம் என் தலையை விட்டுப் போய்விட்டது. அண்ணே, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செக்கிங் என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா? துரை லயம் பார்க்க வருகிறார் என்று கங்காணி முதல் நாள் வந்து கத்திவிட்டுப் போவார். வாசலுக்குச் சுண்ணாம்பு அடிப்போம், தண்ணி ஓடுகிற கானைக் கூட்டுவோம், கோழியைக் கூடையால் மூடுவோம், செக்ரோல் பதிவில் பேர் இல்லாத ஆட்கள் எல்லாம் தேயிலைக்குள் ஓடி ஒளிவார்கள். ஒருதரம் நீங்களும் உங்கள் ஆடும் ஒரே கானுக்குள் படுத்திருந்தீர்களே, ஆடு சத்தம் போடாமல் இருந்தது, நீங்கள்தான் தும்மினீர்கள். துரை "யார் அது" என்று கேட்க, மதினி "ஆடுங்கய்யா" என்று சொல்லிக் காப்பாற்றியது எல்லாம் மறக்குமா? ஒரு காம்பராவில் பேர் பதிந்ததைவிட ஒரு ஆள் கூட இருந்தால் காம்பராவே போய்விடும். அந்தப் பயத்தில் வளர்ந்த உடம்பு இது.

ஆகவே திங்கட்கிழமை காலையில் சபை மிஸ் வருகிறார் என்று தெரிந்ததும் நான் வேலையில் இறங்கினேன். ஒற்றை அறையில் ஐந்து பேர் இருப்பதைப் பார்த்தால் விடுவார்களா? வாசலுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். மகன் ரமேஸை டயர் கடைக்கு லீவு சொல்ல வைத்து, மடவளை பஸ்ஸில் ஏற்றி, "பின்நேரம் வரைக்கும் இந்தப் பக்கம் தலை காட்டாத" என்றேன். மருமகள் சிந்துஜாவை மேலே டொரதி அக்கா வீட்டு முன்ஹோலில் கதிரை போட்டு உட்காரவைத்து, யாராவது கேட்டால் திகனையிலிருந்து வந்த சொந்தம் என்று சொல்லச் சொன்னேன். சுகிர்தா மட்டும் கேட்கவில்லை.

"அம்மா, இது தோட்டத்துச் செக்கிங் இல்ல. ஒளியத் தேவையில்ல. நான் வாசிச்சேன்தானே?"

"நீ டவுன்ல வளந்தவடி. செக்கிங்ல என்ன தோட்டம், என்ன டவுனு? பள்ளிக்கூடத்துக்குப் போ."

"உங்களுக்குச் சட்டமும் தெரியாது, சொன்னாலும் விளங்காது."

"தெரியாமத்தான் உன்ன பெத்தேனாக்கும். போடி."

உங்கள் மச்சான் வீரையா இருக்கிறாரே, மார்க்கெட்டில் நூறு கிலோ மூட்டையைத் தலையில் வைத்து ஓடுகிற ஆள், அவருக்கு என்னைவிடப் பயம். என்னைத் தனியாக விட்டுப் போக மாட்டேன் என்றார். வீட்டுக்குள்ளும் இருக்க மாட்டேன் என்றார். கடைசியில் வாசலுக்கு மேல் கிளை சாய்ந்த பின்மேட்டுப் பலாமரத்தில் ஏறி இலைக்குள் உட்கார்ந்துகொண்டார். "அங்க சிவப்பெறும்பு கூடு கட்டியிருக்குங்க" என்றேன். "மிஸ்ஸ விட எறும்பு பரவால்ல" என்றார்.

இனித்தான் கருவாட்டு விஷயம். எல்லோருக்கும் ஒளிய இடம் சொன்ன பிறகு ஐந்து அடையாள அட்டைகள் ரப்பர் பட்டி போட்டு அலுமாரியில் இருப்பது ஞாபகம் வந்தது. மிஸ் கேட்டு வாங்கி, இரண்டாவது வீட்டுக்காரர் மாதிரி வைத்துக்கொண்டால்? அன்றைக்கு ரஸீன் நானா உங்கள் பக்கம் போகிற நாள். உங்களுக்கு ஒன்றும், டொரதி அக்காவுக்கு ஒன்றுமாக இரண்டு கருவாட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டுப் பூனை ஜோனி என் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது, அது கருவாடு காய்கிற கொடியையே அறுத்துக்கொண்டு போகிற சாதி, அதை ஒரு காலால் தள்ளிக்கொண்டே, உங்கள் பொட்டலத்தில் கருவாட்டுக்கு அடியில் ஐந்து அட்டைகளையும் வைத்துக் கட்டிவிட்டேன். பட்டியைப் பிரித்து என்னுடையதை மட்டும் எடுக்கக்கூடக் கை ஓடவில்லை, அவ்வளவு அவசரம். பள்ளிக்கூடம் போகிற வழியில் அக்காவிடம் ஒன்றும் ரஸீன் நானாவிடம் ஒன்றும் கொடுக்கச் சொல்லி சுகிர்தாவிடம் இரண்டையும் தந்தேன். அவள் கோபத்தில் பிடுங்கிக்கொண்டு போனாள்.

பத்து மணிக்கு ஸ்கூட்டி சத்தம் கேட்டது. என் கையில் பானை. கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஷிரோமி மிஸ் என்று பெயர், சின்னப் பிள்ளைதான், கழுத்தில் சபை அட்டை, கையில் பெரிய பைல், முகத்தில் சிரிப்பு. சிரிக்கிற அதிகாரியைக் கண்டால் எனக்கு இன்னும் பயம்.

"அம்மா, வீட்ல எத்தன பேர் இருக்கிறீங்க?"

"நான் மட்டும்தான் மிஸ். ஒண்டிக்கட்ட."

மிஸ் உள்ளே எட்டிப் பார்த்தார். ஆட்களை ஒளித்த நான் சாமானை ஒளிக்க மறந்துவிட்டேன் அண்ணே.

"இந்த ஆம்பள சாரம் யாரோட?"

"என்னோடதுதான் மிஸ். கண்டிக் குளிருக்குப் போத்திக்குவேன்."

"ஸ்கூல் கவுன் தொங்குதே?"

"அது... படிக்க ரொம்ப ஆச மிஸ். அஞ்சாம் வகுப்போட நின்னுட்டேன்."

மிஸ் அந்தக் கவுனைப் பார்த்தார், பிறகு என் இடுப்பைப் பார்த்தார், எழுதினார். அந்தப் பேனா ஓடுகிற சத்தம் இருக்கிறதே, கூரையில் மண் உதிருகிற மாதிரியே இருந்தது.

"தட்டு அஞ்சு கழுவி வச்சிருக்கு."

"நல்லாச் சாப்பிடுவேன் மிஸ்."

"பல்லு பிரஷ்ஷும் அஞ்சு."

"சாப்பிட்டாப் பல்லு வெளக்கணும்தானே மிஸ்."

இந்த நேரத்தில் யாகப்பர் ஐயா படியிறங்கி வந்தார். பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை, கையில் தன் பைல். பாவம், மாடி கட்டுகிற சந்தோஷம் முகத்தில் பொங்கியது. "மிஸ், எல்லாம் சரிதானே? கீழ் வீட்ல அஞ்சு பேர். விண்ணப்பத்தில நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார்.

மிஸ்ஸின் சிரிப்பு நின்றது. "அம்மா ஒருத்தர்னு சொல்றாங்க ஐயா."

"ஒருத்தரா?"

"ஆக்கள் இல்லாத அறையில ஆக்கள் இருக்குன்னு காட்டி மாடி ஏத்தப் பார்க்கிறாங்க ஐயா. இந்த மாசம் இது மூணாவது. பொய் எழுதிக் குடுத்தா விண்ணப்பம் போயிரும், தெரியுந்தானே? இந்த அறைக்கும் பெர்மிட் இல்லன்னு நீங்களே எழுதியிருக்கிறீங்க. திட்டத்துக்குள்ள வந்தா அத சரி பண்ணிக் குடுப்போம். வராட்டி இத மூடச் சொல்லித்தான் கடுதாசி வரும்."

மூட என்ற சொல்லைக் கேட்டதும் என் கண் உள்ளே இருந்த பானையைத் தேடியது. ஐயா பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "மூக்காயி, என்ன புள்ள இது? பதினோரு மாசமா உம் புருஷன் விடுற கொறட்டையில என் வீட்டு ஓடு நகருது. புருஷன் இல்லைன்னு சொல்றியா?"

நான் அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். செக்கிங்கில் ஒருதரம் சொன்னதை மாற்றக்கூடாது என்பது நம் பழக்கம். மாற்றினால் இரண்டு குற்றம். ஆகவே, "புருஷனா, எனக்கா?" என்று கேட்டேன்.

அதற்கு மேல் உங்கள் மச்சானால் தாங்க முடியவில்லை. எறும்பு கடித்ததைப் பொறுத்துக்கொண்டு முக்கால் மணித்தியாலம் சத்தம் போடாமல் இருந்த மனுஷன், இதைக் கேட்டதும், "அடியே, நான் உசிரோடதான்டி இருக்கேன்!" என்று கத்தினார். கத்திய வேகத்தில் கை நழுவியது. அவரும் ஒரு பிஞ்சுப் பலாக்காயும் சேர்ந்து வந்து விழுந்தார்கள், காய் மிஸ்ஸின் காலடியில், இவர் என் சலவைத் தொட்டிக்குள். மிஸ் இரண்டடி பின்னால் போனார்.

"இது யாரு?"

"மரத்துல காய் பறிக்கிற ஆள் மிஸ்" என்றேன். என் வாயை என்ன செய்வது.

மேலேயிருந்து சிந்துஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "மாமி! மாமாவுக்கு முதுகெல்லாம் எறும்பு மாமி!" பின்னால் டொரதி அக்கா, "ஏய் மெல்லப் போ, நீ புள்ளத்தாச்சி" என்று கத்திக்கொண்டு. திகனைச் சொந்தம் அதோடு முடிந்தது.

மிஸ் எங்களை ஒவ்வொருவராக விரலால் எண்ணினார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லது, ஏச்சு வாங்கி நமக்குப் பழக்கம் இருக்கிறது. அவர் என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: "அம்மா, நான் ஆக்களக் கூட்ட வந்தேன், கழிக்க வரல்ல. நாலு பேர் இருந்தா ரெண்டு அறை வீடு. ஒருத்தர்னா உங்க பேர் பட்டியல்ல கடைசிக்குப் போயிரும். கடுதாசில எழுதியிருந்ததே, வாசிக்கல்லயா?"

வாசித்தார்கள். நான்தான் கேட்கவில்லை.

"நான் இப்ப ஒருத்தர்னு எழுதிட்டேன். வெட்ட ஏலாது. வியாழக்கிழமை பத்து மணிக்கு இன்னொரு தரம் வாறேன். ஆள் வீட்ல நிக்கணும், அட்ட கையில இருக்கணும். அட்ட இல்லாத ஆள எழுத மாட்டேன். இந்தத் தரமும் நாலுக்குக் கீழ வந்தா, ஐயாட விண்ணப்பம் பொய்னு திருப்பி அனுப்பிருவாங்க. அதுக்குப் பிறகு என்னாலயும் ஒண்ணும் செய்ய ஏலாது."

அட்டை என்று அவர் சொன்னபோதுதான் அண்ணே, எனக்கு நின்ற இடம் குளிர்ந்துபோனது. அட்டைகள் அப்போது ரஸீன் நானாவின் வேனில், வத்தேகம தாண்டி உங்கள் மலையில் ஏறிக்கொண்டிருந்தன.

நேற்றிலிருந்து யாகப்பர் ஐயா தானாக என்னோடு பேசவில்லை. இன்று காலையில் படியில் கண்டேன், "ஐயா, கோவமா?" என்று கேட்டேன். "கோவம் இல்ல புள்ள. பயம். அந்தப் பின்மேடு ஒன் அறைக்கு மட்டுமா மேல? என் வீடும் அதோட கால்லதான் நிக்குது. அணைச்சுவர் கட்ட எனக்கு வேற வழி இல்ல" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். நான் பகிடி விட வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. ஐம்பது வயசில் முதல்தரம். டொரதி அக்கா எங்களுக்காக மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறார், நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருக்கிறேன், சுகிர்தா ஒன்றும் நேராமல் என்னை ஒரு பார்வை பார்க்கிறாள், அதுதான் மூன்றிலும் பயங்கரம். உங்கள் மச்சான் முதுகு வீங்கிக் குப்புறப் படுத்திருக்கிறார். "எனக்கா புருஷன்னு கேட்டியே" என்று அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் கேட்கிறார்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய காரியம் இதுதான். கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, அடியில் இருக்கிற ஐந்து அட்டைகளையும் எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, ரஸீன் நானா புதன்கிழமை பின்நேரம் இறங்கும்போது அவர் கையிலேயே கொடுத்தனுப்ப வேண்டும். மதினி கருவாட்டை அவசரப்பட்டு அடுப்பில் வைத்திருந்தால் உடனே இறக்கச் சொல்லுங்கள். கருவாட்டை நீங்களே சாப்பிடுங்கள், அட்டையைச் சாப்பிட வேண்டாம். பகிடி விடுகிறேன் என்று நினைக்காதீர்கள், பயத்தில் எழுதுவதால் இப்படி வருகிறது. வியாழக்கிழமை பத்து மணிக்கு அந்த அட்டைகள் இங்கே இல்லாவிட்டால், நான் பானையையும் ஏழு மாசக்காரியையும் கூட்டிக்கொண்டு உங்கள் காம்பராவுக்குத்தான் வர வேண்டும். அதற்குள் நீங்கள் ஏற்கெனவே ஆறு பேர், ஆட்டோடு ஏழு. பத்தடி அறையில் பன்னிரண்டு உசிர் எப்படிப் படுப்பது என்று நேற்று முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஆட்டை வெளியில் கட்டினாலும் சரிவரவில்லை.

எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள், பொய் பேசியதையும் சேர்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள். மாரியம்மா உங்கள் முழங்காலுக்கு ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். மதினியின் கைக்கும், அந்தக் கையில் இருக்கிற கரண்டிக்கும் என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், ஆட்டுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் காலடியில் ஒரு மூலை கேட்டு நிற்கும் தங்கச்சி,
மூக்காயி

பி.கு. வியாழக்கிழமை, மத்தியானம். மேலே எழுதியது ஒன்றையும் நீங்கள் செய்ய வேண்டாம். ரஸீன் நானாவின் வேன் புதன்கிழமை பழுதாகிவிட்டது, அவர் இன்றைக்குத்தான் வந்தார். இரண்டு பக்கமும் நிறைய எழுதிய தாளைக் கிழிக்க மனம் வராததால் அனுப்புகிறேன்.

அட்டைகள் உங்களிடம் வரவே இல்லை. இன்று காலை ஒன்பது மணிக்கு, ரஸீன் நானாவையும் காணோம், கடிதமும் கையிலேயே இருக்கிறது என்று நான் கேட்டடியில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, மேலே குசினியிலிருந்து டொரதி அக்கா கூப்பிட்டார்: "மூக்காயி, இங்க வா! இது என்ன சாதிக் கருவாடு? வெந்நியில ஊறப்போட்டேன், வீரையாட மூஞ்சி மிதக்குது!" சுகிர்தா கோபத்தில் பொட்டலத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறாள். உங்களுக்கு வந்தது வெறும் கருவாடுதான், தாராளமாகச் சமையுங்கள்.

அட்டைகளைச் சட்டியிலிருந்து எடுத்து, தேசிக்காய் தேய்த்துக் கழுவி, சிரித்த முகம் தெரிகிற மாதிரி கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தோம். யாகப்பர் ஐயா தானே நின்று விசிறினார். பத்து மணிக்கு ஷிரோமி மிஸ் வந்தார். நாங்கள் ஐந்து பேரும் வாசலில் வரிசையாக நின்றோம். மிஸ் அட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து, ஒருதரம் மணந்தும் பார்த்து, கைக்குட்டையால் விரலைத் துடைத்துவிட்டு எழுதினார். மூக்காயி, ரமேஸ், சிந்துஜா, சுகிர்தா. நாலு பேர். இரண்டு அறை வீட்டுக்கு முதல் சாவி எங்களுக்கு என்று எழுதி, ஐயாவிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அணைச்சுவருக்கு அளக்க எஞ்சினியர் மாத்தயா திங்கட்கிழமை வருகிறார். அதற்கு யாரையும் ஒளிக்கத் தேவையில்லையாம், சுகிர்தா இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள்.

மச்சானின் அட்டை மட்டும் கொடியில் இல்லை. கிளிப் இருந்தது. ஜோனி எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. மச்சான், "நான் இங்கதான் நிக்கிறேன் மிஸ்" என்று சொல்லிப் பார்த்தார். கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி வந்தால் பிறகு சேர்க்கலாம் என்று மிஸ் சொன்னார். அதுவரைக்கும் சபைப் புத்தகத்தில் எனக்குப் புருஷன் இல்லை.

பூனை அட்டையோடு பலாமரத்தில் இருக்கிறது. மச்சானும் அங்கேதான் இருக்கிறார்.